ஒரு விற்பனைக்கு ஒரு போர்வை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் வயிறு எரியும். பற்பசைக் குழாயைக்கூடக் கத்தரித்து, உள்ளே வழித்துவிட்டுத்தான் தூக்கிப் போடுவார். இப்பேர்ப்பட்ட மனிதர் என்பதால்தான் தையல்காரியான அவர் மனைவி, மோட்டார் தையல் மெஷினுக்காகச் சேர்த்த பணத்தை நம்பி அவரிடம் கொடுத்தாள். மிதி மெஷின் அவள் முட்டியைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. "ஷேர்ல போட்டு ரெண்டு வருஷத்துல மெஷின் விலைக்குக் கொண்டுவந்துடறேன்" என்று அவரும் வாக்குக் கொடுத்தார்.

முதல் வருடம் முழுக்க மனிதர் கடையில் ஃபோனும் கையுமாகத்தான் இருந்தார். காலையில் வாங்குவார், மத்தியானம் விற்பார், சாயங்காலம் அதையே திரும்ப வாங்குவார். வருடக் கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நூத்துக்குப் பன்னெண்டு லாபம்."

"எல்லாம் நம்ம கையிலயா?"

அவர் கணக்குச் சீட்டை நீட்டினார். நூற்று அறுபத்துமூன்று தடவை வாங்கி விற்றதில் தரகர் கமிஷனும் வரியும் போக, மிஞ்சியது நூற்றுக்கு ஒன்று.

மனைவி கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "பற்பசையை வழிக்கிறவரு, தரகருக்கு டப்பாவோட தூக்கிக் குடுத்திருக்கீங்க. அவங்க வீட்ல மோட்டார் மெஷின் வந்திருக்கும்" என்றாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். இனி ஒவ்வொரு தடவை வாங்கினாலும் விற்றாலும், அவர் மிதி மெஷினில் உட்கார்ந்து ஒரு போர்வைக்கு நாலு பக்கமும் ஓரம் அடிக்க வேண்டும்.

முதல் வாரத்தில் நாலு போர்வை அடித்தார். ஓரம் பாம்பாக நெளிந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பிரித்துத் தைத்தாள். மறுநாள் கடைப் படி ஏற அவருக்குக் கால் மடங்கவில்லை. அதோடு ஃபோனைத் தொடும் ஆசை விட்டுப்போயிற்று.

பொழுது போகாமல், கையிலிருந்த கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை முதல் முறையாக முழுதாகப் படித்தார். ஒரு நாள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தார்.

"எதை வித்தீங்க?"

"ஜிப் கம்பெனியை. லாபம் ஏறியிருக்கு. ஆனா திரும்பி வந்த சரக்கும் மூணு மடங்கு ஏறியிருக்கு. மட்டமான கம்பியைப் போட்டுச் செலவைக் குறைச்சிருக்காங்க."

"அந்தக் கம்பெனி ஜிப்பையா? நாலு மாசமா நான் அதைத் தொடறதே இல்லையே. பல்லு பல்லா உதிருது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பெரிய ஆராய்ச்சி நடக்குது, நடுவுல நான் எதுக்குன்னு இருந்துட்டேன்."

இரண்டாவது வருடம் தரகருக்குப் போனது வெறும் சில்லறை. பணம் மெஷின் விலையைத் தொட்டது. ஆனால் மெஷின் வாங்க, இருந்த ஏழு கம்பெனிகளையும் விற்க வேண்டும். விற்றார். ஏழு போர்வைகளை எடுத்துக்கொண்டு மிதி மெஷினில் போய் உட்கார்ந்தார்.

"விடுங்க, அது சும்மா சொன்னது" என்றாள் மனைவி.

அவர் எழுந்திருக்கவில்லை. ஏழையும் அடித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கடைசிப் போர்வையை மடித்து வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"முட்டி ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் அவர் அவளை இப்படிக் கேட்டதில்லை.