கழன்றுவிடாத குழாய்

வீரய்யாவின் ஈரலில் சீழ் கட்டியிருந்தது. அதை வெளியே எடுக்க இரண்டு வழி உண்டென்று டாக்டரம்மா சிங்களத்தில் சொன்னார். நீள ஊசியால் உறிஞ்சி எடுக்கலாம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் மறுபடி சீழ் கட்டினால் மறுபடி குத்த வேண்டும். இல்லையென்றால் விலாவுக்குக் கீழே ஒரு குழாய், அதன் முனையில் ஒரு பை. சீழ் தானாக வடிந்துகொண்டிருக்கும்.

அவர் பெண்சாதி சண்முகவடிவு குழாயே போதும் என்றாள். உடப்புசல்லாவைக்கு மேலே மலையில் கிடக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து புருஷனை அடிக்கடி இறக்கிக்கொண்டு வருவது லேசுப்பட்ட காரியமா? டாக்டரம்மாவும் அதுதான் நல்லது என்றார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஐந்து நாள் வார்டில் வைத்திருந்துவிட்டுப் பையோடு அனுப்பினார்கள்.

"கொழாய் கழண்டுராம பாத்துக்கங்க. கழண்டுச்சுன்னா ஆபத்து" என்றாள் தமிழ் தெரிந்த நர்ஸ். மற்றதையும் சொல்லியிருப்பாள். வடிவின் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

தோட்டத்து ரோட்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? ஆட்டோ ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழும்பியது. வடிவு பாதி வழியில் நிறுத்தச் சொல்லி, பழைய சேலையைக் கிழித்து, குழாயை அவர் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். இருபத்திரண்டு வருசமாக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக் கொழுந்து பறித்தவள். அவள் போட்ட முடிச்சு எந்தச் சரிவிலும் நழுவியதில்லை.

மறுநாள் பையில் கொஞ்சம்தான் இருந்தது. அதற்கடுத்த நாள் ஒன்றுமே வரவில்லை.

"சீழெல்லாம் நின்னுருச்சுங்க!" என்று லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினாள். மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். அன்று சாயங்காலமே அவருக்கு நடுக்கம் எடுத்தது. ஆடிக் காற்றில் யாருக்குத்தான் நடுங்கவில்லை என்று இரண்டு கம்பளியைப் போர்த்தி, மல்லித்தண்ணி கொடுத்தாள். பாவி, அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்க அவளுக்குக் கை வரவில்லை. குழாய் கழன்றுவிடுமே என்ற பயம்.

மூன்றாம் நாள் வயிறு பலகையாக இறுகிவிட்டது. திரும்பவும் அதே வார்டு. டாக்டரம்மா சேலைத் துண்டை வெட்டி எடுத்தார். உள்ளே குழாய் இரண்டாக மடிந்து நசுங்கிக் கிடந்தது. சீழ் உடைத்துக்கொண்டு வயிறு முழுக்கப் பரவிவிட்டதாம். இனி ஊசியும் உதவாது, குழாயும் உதவாது. வயிற்றைத் திறந்து கழுவ வேண்டும், இந்த உடம்பு தாங்குமா தெரியாது என்றார்.

"யாரு இப்பிடிக் கட்டுனது?" என்று நர்ஸ் கேட்டாள்.

வடிவு கீழே கிடந்த சேலைத் துண்டைக் குனிந்து எடுத்தாள்.

"நாந்தான் மிஸ்." வீரய்யா கண்ணைத் திறக்கவில்லை. "அவ வேணாம்னுதான் சொன்னா."

நர்ஸ் அவரைப் பிடித்து ஏசினாள். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் ஏசிக்கொண்டே கட்டிலைத் தள்ளினாள். திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வடிவு சுவரோரமாக நின்றாள்.

அவர் திரும்பி வரவில்லை.

நர்ஸ்தான் வந்தாள். வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"நீங்க சொல்லியும் அவரு கேக்கலியே. நீங்க என்னம்மா செய்வீங்க?"

வடிவு ஆமாம் என்று தலையாட்டினாள்.