நூறைத் தாண்டினால் கேட்காது

தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் சத்தமே இல்லாமல் வம்பளப்பார்கள். ஒருத்தி மூன்றாவது மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி எதிர்க் கட்டடத்து மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். நடுவில் முழுத் தெருவும், அதில் ஓடும் பேருந்தும் லாரியும். இருவரும் உதட்டை மட்டும் அசைப்பார்கள். திடீரென்று இருவரும் ஒரே நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கீழே காய்கறி பொறுக்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் எங்களுக்கு ஓர் எழுத்துகூட விழாது. அடுத்த வீட்டு விஷயம் தெரியாவிட்டால் தூக்கம் வராத ஜனங்களுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

மூன்றாவது மாடிக்காரியைத் தெருவே மில்லம்மா என்றுதான் சொல்லும். நூற்பாலையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள். இயந்திரங்கள் வரிசையாக ஓடும் அந்தக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்த பெண்கள் எல்லாரும் அடுத்தவள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கக் கற்றிருந்தார்கள். மேஸ்திரியை அவர் முன்னாலேயே நின்று திட்டித் தீர்ப்பதற்கு அது மிகவும் சௌகரியமாக இருந்ததாம். எதிர் மாடிக்காரியும் அதே மில்தான். மில் அவர்களுக்குக் கொடுத்தது இந்த வித்தை. பதிலுக்கு எடுத்துக்கொண்டது பாதிக் காது. வீட்டின் அமைதியில் யாராவது பேசினால் மில்லம்மாவுக்கு நன்றாகவே கேட்கும். கொஞ்சம் இரைச்சல் கலந்தால் போதும், ஒன்றும் புரியாது.

அவளுடைய ஒரே மகன் நூலகர். அம்மா காலையில் பால்கனியில் நின்று வாயசைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். கிழவிகள் இரண்டும் ஏதோ சைகை காட்டி விளையாடுகின்றன என்றே நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்கத் தெரிந்தவனுக்கு அம்மாவிடம் அந்த ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. மருமகள் பல் டாக்டர். பகலெல்லாம் தன் வாயை மூடிக்கொண்டு மற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்கிற உத்தியோகம். அதனாலோ என்னவோ, வேலை முடிந்ததும் அவள் வாய் ஓயாது.

இந்த நூலகர் சின்னக் கார் ஒன்று வாங்கப் போகிறார் என்ற செய்தி தெருவுக்கு வந்தபோது, கூடவே ஒரு வேடிக்கையும் வந்தது. மனிதர் மைலேஜ் கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை. யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: ஹைவேயில் நூறில் போகும்போது இன்ஜின் சத்தம் உள்ளே எவ்வளவு வரும்? நாள் முழுக்க உஷ் என்று விரலை உதட்டில் வைக்கிறவர், அமைதியான வண்டி தேடுவது இயல்புதானே என்று நாங்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். மருந்துக் கடைக்காரர் தன் வண்டியில் ஓடினால் மூச்சு விடுவது கேட்கும் என்றார். நூலகரின் முகம் வாடியது. அந்த வண்டி வேண்டாமாம்.

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பரின் பழைய வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு மூவரும் பக்கத்து ஊருக்குப் போனார்கள். அந்த ஊரில் டாக்டருக்குச் சனிக்கிழமை தோறும் ஒரு கிளினிக் உண்டு. மில்லம்மா ஒருமுறை அடுப்பை அணைக்க மறந்துவிட்டதிலிருந்து அவளை வீட்டில் தனியாக விட்டுப் போவதில்லை. பழைய வண்டி வேகமெடுத்ததும் இரைந்தது. மருமகள் திரும்பாமலே ஏதோ கேட்டாள், பின் சீட்டிலிருந்து பதில் வரவில்லை; அங்கே இருந்தவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று கண்டுபிடித்தாள். வீட்டில் இரண்டே அறை, மெல்லிய கதவு. மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை நிம்மதியாகப் பேச வழியில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் கல்யாணமான நாள் முதல் அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டினாள். இறங்கும்போது முகம் தெளிந்து, பத்து நாள் காய்ச்சல் விட்டவள் போல இருந்தாள். ஆகவே அப்படியொரு வண்டி சொந்தமாகவே வேண்டும் என்று முடிவாயிற்று. பேச வேண்டிய பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது. மில்லம்மாவின் அறையில் பல் நாற்காலியைப் போட்டு வீட்டிலேயே கிளினிக் வைக்க வேண்டும். மில்லம்மாவை ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில் விட வேண்டும்.

வண்டிகளை ஓட்டிப் பார்க்கப் போனபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். காலை நீட்ட இடமிருக்கிறதா என்று அவளே உட்கார்ந்து பார்க்கட்டும் என்றான் மகன். விற்பனையாளன், எங்கள் தெருத் தையற்காரரின் மைத்துனன், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இப்படியும் ஒரு பிள்ளையா என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டானாம். முதல் வண்டி நூறைத் தொட்டதும் மருமகள் திரும்பி, சாதாரணக் குரலில், "அத்தை, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் கண்ணு என்று பதில் வந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவது வண்டியிலும் அதே வேகம், அதே கேள்வி. கொஞ்சம் குடு என்று மில்லம்மா கையை நீட்டினாள். மருமகள் கணவன் பக்கம் திரும்பி, "இதுலயும் கேட்குது. அடுத்ததைப் பார்ப்போம்" என்று முணுமுணுத்தாள்.

முணுமுணுப்பு காதில் விழவில்லை. ஆனால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்தவளுக்கு, கணவன் பக்கம் திரும்பிய அந்த முகம் பளிச்சென்று தெரிந்தது. சிவப்புச் சாயம் பூசிய உதடு வேறு. பழைய வண்டியில் படித்ததையெல்லாம் ஏதோ ஆற்றாமையில் பேசியது என்று ஒதுக்கிவைத்திருந்தவளுக்கு, என்ன வாங்க வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

மூன்றாவது வண்டி எண்பதிலேயே முனக ஆரம்பித்தது. நூறைத் தாண்டியதும் அலறியது. மருமகள் திரும்பித் தண்ணி வேணுமா என்று கேட்டாள். மில்லம்மாவுக்குத் தொண்டை வறண்டுதான் இருந்தது. மருமகளின் உதட்டைப் படித்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்தாள். மருமகள் இன்னொரு முறை கேட்டாள். மில்லம்மா மரங்களையே பார்த்தாள். முன் சீட்டில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், பிள்ளை பரீட்சையில் தேறிய பெற்றோர் மாதிரி. அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது தாங்கள்தான் என்று அவர்கள் நினைத்தார்கள்.

தையற்காரரின் மைத்துனனுக்கு மனசு கேட்கவில்லை. "சார், விக்கிற நானே சொல்றேன். ஊருக்குள்ள ஓட்ட தங்கமான வண்டி. ஹைவேயில நூறு போனா உள்ள நாலு பேர் பேசிட்டு வர முடியாது" என்றான்.

"பரவாயில்லப்பா. எங்களுக்குள்ள பேசறதுக்கு என்ன இருக்கு?" என்றான் நூலகர்.

அதன் பிறகு நான்கு மாதம் சனிக்கிழமை தவறாமல் அந்த வண்டி ஹைவேயில் அலறிக்கொண்டு போயிற்று. மாமியாருக்குக் கேட்கிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்வதற்காக மருமகள் பாதி உடம்பைப் பின்பக்கம் திருப்பியே உட்காருவாள். அதனால் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்த மில்லம்மாவால் ஒரு சொல் விடாமல் படிக்க முடிந்தது; மகன் திரும்பிப் பேசினால் அவன் வாயும் தெரிந்தது. அந்த அறைக்கு மூன்று தடவை பெயிண்ட் அடித்தால்தான் கிழட்டு வாடை போகும் என்றாள். கட்டில் கிடக்கிற இடத்தில்தான் நோயாளிகள் வாய் கொப்பளித்துத் துப்புகிற தொட்டி வரும் என்றாள். ராத்திரி அந்த இருமல் நின்றுவிட்டால் ஒரு வினாடி நம்பிக்கை வருகிறது, மறுபடி தொடங்கிவிடுகிறது என்றாள். முகத்தில் மட்டும் குழந்தைக்குக் கதை சொல்கிற மாதிரி சிரிப்பு. மில்லம்மாவும் பதிலுக்குச் சிரிப்பாள். மகன் முதல் சில வாரம் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு அவனுக்கும் பழகிவிட்டது. அம்மாவைச் சேர்க்கிற இடத்தில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டு, தானே சிரித்தான். வண்டி நின்றதும் கதவைத் திறந்துவிட்டு, அம்மா களைப்பாக இருக்கிறதா, குளிர் அதிகமோ என்று விசாரிப்பான். அதில் குறையே சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் அவள் எதிர் மாடிக்காரியிடம் தெரு தாண்டி ஒப்பித்தாள். எதிர் மாடிக்காரி கொதித்துப்போய், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடேன் என்றாள். கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று மில்லம்மா சொன்னாள். அவள் காத்திருந்தது ஒரே ஒரு வார்த்தைக்கு. என்றைக்காவது ஒரு சனிக்கிழமை மகன் மனைவி பக்கம் திரும்பி 'வேண்டாம்' என்று சொல்வான். அதை அவன் உதட்டில் பார்த்துவிட்டால் போதும், மற்றதையெல்லாம் மறந்துவிடலாம். அந்தச் சொல்லுக்கு உதடு எப்படிச் சேர்ந்து மூடும் என்று அவளுக்குத் தெரியும். நான்கு மாதம் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது மாதக் கடைசியில் ஒரு நாள், டாக்டருக்குப் பக்கத்து ஊரில் ஒரு கருத்தரங்கு, ஒரு வாரம் தங்குகிற மாதிரி துணி எடுத்துக்கொள் என்று மகன் சொன்னான். அவள் ஒரு பையில் எட்டுப் புடவையும் அடையாள அட்டையும் கண் கண்ணாடியும் எடுத்துவைத்தாள். குளிர்காலச் சால்வையையும் எடுத்துக்கொண்டாள். வெயில் காலத்தில் சால்வை எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

ஹைவேயில் மருமகள் சொன்னாள்: "ஒரு வாரம்னே சொல்லிடுங்க. அப்புறம் அவங்களே பழகிடுவாங்க." மகன் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான். மில்லம்மா சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"திரும்பிப் போனதும் அந்த மெத்தையையும் தூக்கிப் போட்டுடலாம்" என்றான் மகன்.

அவள் மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அதன் பிறகு அவன் வாயைப் பார்க்கவில்லை.

முதியோர் இல்லத்தின் அலுவலக அறையில் மேலாளர் அம்மாள் படிவத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தங்குவார்கள் என்று கேட்டாள். ஒரு வாரம் என்றான் மகன்.

"கடைசி வரைக்கும்னு எழுதுங்கம்மா. அங்க மெத்தையைத் தூக்கிப் போடப் போறாங்க" என்றாள் மில்லம்மா.

 முதலில் சுதாரித்துக்கொண்டது மருமகள்தான். அவளுக்கு வந்தது வெட்கமில்லை, கோபம். "பார்த்தீங்களா, இத்தனை மாசமா நம்மை ஒட்டுக் கேட்டிருக்காங்க" என்று கணவனிடம் முறையிட்டாள். ஏதோ மாமியார் அவளுடைய பெட்டியைத் திறந்து நகையை எடுத்துவிட்ட மாதிரி.

"கேட்கலைங்கம்மா, பார்த்தேன். மில்லுல பழகினது. நீங்க பல் டாக்டராச்சே, நல்லா வாயைத் திறந்து பேசறீங்க" என்றாள் மில்லம்மா. நேற்றுவரை கண்ணு என்று கூப்பிட்ட வாய்.

 மகன் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு, "அம்மா, வா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. அவள் அந்தப் பையை அவன் கையிலிருந்து, யாரோ பேருந்தில் இறக்கிக் கொடுத்ததை வாங்கிக்கொள்வது போல வாங்கினாள்.

"நீங்க கிளம்புங்க. இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்றாள். பெற்ற பிள்ளையை நாற்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக நீங்க என்றாள்.

பல் நாற்காலி வந்துவிட்டது. தொட்டி கட்டில் கிடந்த இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் பல் பிடுங்கிக்கொள்கிறோம். கை ராசியான டாக்டர் என்று சொல்லியும் அனுப்புகிறோம். நாங்களும் அவ்வளவுதான். எதிர் மாடிக்காரி இப்போதெல்லாம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உடனே உள்ளே போய்விடுகிறாள்.

மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் தனியாக இல்லத்துக்குப் போகிறான். வாங்க, உட்காருங்க, டாக்டரம்மா சௌக்கியமா என்று அவள் வரவேற்கிறாள். பயணம் எப்படி இருந்தது என்று கேட்கிறாள். கிளம்பும்போது பார்த்துப் போங்க என்கிறாள். ஒரு நாள் அவன் தாங்க முடியாமல், என்னைத் திட்டிவிடு அம்மா என்று அழுதான். உங்களை எதுக்குங்க திட்டணும் என்று அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டவள் போலக் கேட்டாள்.

அன்று அவன் திரும்பி வரும் வழியில் தையற்காரரின் மைத்துனன் ஃபோன் செய்தான். வண்டி வாங்கி ஆறு மாதமாயிற்று, வாடிக்கையாளர் கருத்துக் கேட்கிறார்கள். ஹைவேயில் இன்ஜின் சத்தம் எப்படி, ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டான். நூலகர் ஏதோ சொன்னான். வண்டி நூறில் அலறிக்கொண்டிருந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் சார் என்றான் மைத்துனன்.

நூலகர் வண்டியை ஓரமாக நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான்.

"வண்டியில ஒரு குறையும் இல்லப்பா. அஞ்சே போட்டுக்கோ. பெத்தவங்க காதுல விழும்னு தெரிஞ்சு நாம பேசறது வெறும் மரியாதை. அதை யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம், இப்ப எங்கம்மா எனக்குக் குடுக்கிறாங்க. விழாதுன்னு நினைச்சுப் பேசறோம் பாரு, அதுதான் நாம அவங்களுக்குக் குடுத்திருக்கிற இடம். இனிமே யாராவது உன்கிட்ட சத்தமான வண்டி கேட்டு வந்தா, வித்துடாதே."