நோரீனின் கணவர் படகில் வந்த நாள்

படகு வேண்டுமென்று கேட்டவர் போனில் முழுப்பெயரையும் சொன்னார்: காலின் ஃபெர்ரிஸ். ஏரியில் மீன்பிடிக்க ஆட்களைப் படகில் கூட்டிப்போகும் வேட் ஹோலிஸ்டருக்கு அந்தப் பெயர் தெரியும். அவனைப் பிரிந்துபோன நோரீன் பிட்ஸ்பர்க்கில் மறுமணம் செய்துகொண்ட ஆள். மகள் டெஸ்ஸா வளர்வதும் அந்த வீட்டில்தான். பள்ளி விடுமுறைக்கு மட்டும் அப்பாவிடம் வருவாள். இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பது வேட்டுக்கே விளங்கவில்லை.

அக்டோபர் கடைசி. டங்கர்க் துறைக்கு வந்து நின்ற காலின், கடைத்தெருவுக்குப் போகிறவர் மாதிரி மெல்லிய கோட்டு போட்டிருந்தார். ஈரி ஏரியின் காற்றுக்கு அது எந்த மூலைக்கு? வேட் தன் பழைய மழையங்கியை நீட்டினான். அவர் வாங்கி மாட்டிக்கொண்டார்.

குளிர் தொடங்கிவிட்டால் சிறுவாய் பாஸ் மீன்கள் கரையை விட்டு ஆழத்துக்குப் போய்விடும். நாற்பதடி ஆழத்தில் பாறைத் திட்டு ஒன்று இருந்தது. அதற்கு மேலே படகைக் காற்றின் போக்கில் விட்டு, ஈயக்குண்டு கட்டிய தூண்டிலை இருவரும் அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். இழுப்பு தெரிந்தால் கம்பை வெடுக்கென்று தூக்க வேண்டாம், நிதானமாகச் சுற்றினால் போதும் என்று வேட் சொல்லிக் கொடுத்தான். காலின் ஒவ்வொரு தடவையும் வெடுக்கென்றுதான் தூக்கினார். மீன்கள் கழன்று போய்க்கொண்டே இருந்தன. மற்ற வாடிக்கையாளர்கள் இந்நேரம் இரையைக் குறை சொல்லியிருப்பார்கள். இவர் தன்னைத்தான் நொந்துகொண்டார். அது வேட்டுக்கு எரிச்சலாக இருந்தது. ஆளை வெறுக்க ஒரு சாக்குக்கூடக் கிடைக்கவில்லை.

மதியத்துக்குக் காலின் வீட்டிலிருந்து கொண்டுவந்த பீன்ஸ் சூப்பை ஊற்றிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி ஒன்றில் சமையல்காரராம். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டேதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"டெஸ்ஸா என்கூடப் பேசறதில்லைங்க. எது கேட்டாலும் 'ம்', இல்லேன்னா 'தெரியல'. இந்த ஏரியப் பத்தி மட்டும் அவ அம்மாகிட்ட ஓயாமப் பேசுவா. நானும் கத்துக்கிட்டா அவகூடப் பேச ஏதாவது கிடைக்கும்னு தோணிச்சு."

வேட்டுக்குச் சுருக்கென்றது. மகளோடு சேர்ந்து செய்ய அவனிடம் இருப்பதே இந்த ஒன்றுதான். அதையும் பங்கு கேட்டு வந்திருக்கிறாரே இந்த மனுஷன். கிண்ணத்தை ஏரியில் அலசித் திருப்பிக் கொடுத்தான்.

பிற்பகலில் காலினின் கம்பு வளைந்தது. இந்தத் தடவை அவர் வெடுக்கென்று தூக்கவில்லை. நல்ல கனமான மீன். அடியில் இரண்டு தடவை முரண்டு பிடித்துவிட்டு மேலே வந்தது. வேட் கைவலையில் ஏந்தி, முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டான். அது உள்ளே போகவில்லை. வயிறு உப்பி, ஒருக்களித்து மிதந்தது.

காலினின் முகம் வெளுத்துவிட்டது. "கொன்னுட்டேனா?"

ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் உள்ளிருக்கும் காற்றுப்பை ஊதிப்போகும், காற்றை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று வேட் சொன்னான். மீனைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதன் பக்கவாட்டுத் துடுப்புக்குப் பின்னால் துளையுள்ள ஊசியை மெதுவாக இறக்கினான். குமிழிகள் வந்தன. குளிர்ந்த தண்ணீரில் காலினின் விரல்கள் விறைத்துப்போயின. ஆனாலும் பிடியை விடவில்லை. கடைசியில் மீன் வாலை ஒரு அடி அடித்து அவர் கையை உதறிக்கொண்டு கீழே போயிற்று. அது போன பிறகும் அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி போடறது டெஸ்ஸா வேல," என்றான் வேட். "ஊசிய என்னத் தொட விடமாட்டா."

இதைச் சொன்னதும் மற்றதும் வாயில் வந்துவிட்டது. "ஒண்ணு கேக்கறேன். அவள மீன் பிடிக்க மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க. இது ஒண்ண எனக்கு விட்டுடுங்க."

காலின் நிமிர்ந்து பார்த்தார். "போகமாட்டேன். எனக்கு இது முன்னாடியே தோணியிருக்கணும்."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று வேட் நினைக்கவில்லை. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொன்னான். "அவகிட்ட எதையும் கேக்காதீங்க. கேட்டா வாயப் பூட்டிக்குவா, என் அம்மா மாதிரி. நீங்க பாட்டுக்கு அவ கண்ணு முன்னாடி உங்க வேலையப் பாருங்க. அவளா வருவா."

அன்று ராத்திரி, காலின் பிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்த பிறகு, டெஸ்ஸா போன் செய்தாள். தன் வீட்டில் அவளுடைய பழைய அறையில் சன்னலோரம் நின்றுகொண்டு வேட் பேசினான். காலின் எத்தனை மீனைக் கோட்டை விட்டார் என்று கேட்டாள். எண்ணவில்லை என்று அவன் சொன்னதும் சிரித்துவிட்டாள். ஊசி போட்டபோது நிஜமாகவே அவர்தான் பிடித்துக்கொண்டாரா என்று கேட்டாள். ஆமாம், கை விறைத்தும் விடவில்லை என்றான்.

"அவர் கை நாத்தம் தாங்கலப்பா. சோப்பு போட்டு போட்டுப் பாக்கறாரு."

"எலுமிச்சம்பழம் தேய்ச்சாப் போயிடும்."

"இரு, வச்சிடாத."

போனை எங்கோ வைத்த சத்தம் கேட்டது. குளிர்பெட்டி திறந்து மூடியது. பிறகு தூரத்திலிருந்து அவள் குரல், அவனை அதட்டுவாளே, அதே அதட்டலில்: "காலின், கைய நீட்டுங்க."

வேட் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தான்.