கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்

"கையேட்டுல இருக்கிறபடிதான் செஞ்சேன்! ஒரு எழுத்து மாத்தல. தப்பு என்மேல இல்ல, உங்க கையேட்டுல!"

"எங்க லேப்டாப்புல எல்லாம் ஜம்முனு ஓடுதே வாத்தியாரே. உன்னுதுல மட்டும் ஏன் முக்கிட்டு நிக்குது?"

கத்தியது தூரே. குரலை உயர்த்தாமல் குத்தியது குன்னெல். பழைய பஞ்சாலையின் கீழ்த்தளத்தில் பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருந்தது. வாசா என்னும் கடலோர ஊரின் கம்ப்யூட்டர்க்காரர்கள் வியாழன்தோறும் கூடும் இடம் அது. அன்று வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். சூப்புக்காக வந்தவர்கள் என்று சொன்னால் நம்புகிறவர் நம்பலாம்.

உறைந்த கடலில் பனிக்கட்டி எங்கே ஆளைத் தாங்கும், எங்கே கவிழ்த்துவிடும் என்று காட்டும் செயலி அவர்களுடையது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. அந்த வருஷம் மட்டும் நகரசபை மனம் இரங்கி, ஒரே ஒரு ஆளுக்குச் சம்பளத்தோடு வேலை தந்திருந்தது. போட்டிக்கு இரண்டு பேர்: கம்பெனி மூடியதால் எட்டு மாதமாக வீட்டில் இருந்த தூரே, அவனோடு அதே கம்பெனியில் இருந்த அஹ்தி.

பரீட்சை இந்தக் கூட்டத்தின் பழைய வழக்கம்தான். வெறும் லேப்டாப் ஒன்றைக் கொடுப்பார்கள். கையேட்டைப் பார்த்து, வேண்டிய மென்பொருள் சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி, செயலியை அதில் ஓடவிட வேண்டும். திருத்துகிறவனுக்கு முதலில் அடுப்பு மூட்டத் தெரிய வேண்டுமல்லவா? தெரியாததைக் கேட்கலாம். கேட்டால் சொல்லியே ஆகவேண்டும் என்பதும் விதி. தலைவி குன்னெல் அதைத் தொடக்கத்திலேயே உரக்கப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

தூரே கேட்கவில்லை. பாதி வழியில் திரை சிவப்பாகக் கத்தி நின்றபோது ஒரு தரம் வாயைத் திறந்தான். எதிரே அஹ்தி லவங்கப்பட்டை பன்னை மென்றபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். திறந்த வாயில் காப்பியை ஊற்றி மூடிக்கொண்டான் தூரே. இருபது வருஷம் பிறருக்குப் பதில் சொன்ன வாய் அது, கேட்டுப் பழகியதில்லை. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தான். அதே இடத்தில் அதே சிவப்பு. மறுபடி அழித்தான். காலையில் மனைவி ஹில்லெவி சொல்லியிருந்தாள்: "வேலை கிடைச்சா இங்கேயே இருப்போம். இல்லேன்னா நான் உமேயோ ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி." உமேயோ கடலுக்கு அக்கரை, ஸ்வீடன். அக்கரைக்குப் போய் மனைவி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதா என்பது இவன் மானம்.

நேரம் முடிந்தது என்று குன்னெல் சொன்னபோதுதான் அந்தக் கத்தல்.

"சரி, எழுந்திரு. அஹ்தி, நீ வா."

அஹ்தி உட்கார்ந்தான். அவனும் அதே இடத்தில் முட்டிக்கொண்டான். அதே சிவப்பு. தூரேயின் நெஞ்சு ஒரு கணம் லேசானது. பார்த்தாயா, கையேடுதான் தப்பு!

அஹ்தி கையைத் தூக்கினான். "குன்னெல், நின்னுபோச்சும்மா. என்ன செய்யணும்?"

"வரைபடம் காட்டுற மென்பொருள் புதுசு வேண்டாம், பழைய பதிப்பைப் போடு. புதுசு இதுக்கு ஒத்துக்காது." குன்னெல் சூப்பில் கடுகு விழுதைக் கலக்கினாள். "கையேட்டுல அந்த வரி இருந்துச்சு. காலையிலதான் எடுத்தேன்."

பழையதைப் போட்டதும் அஹ்தியின் திரையில் நீலக்கடல் விரிந்தது. யாரோ கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

"வேணும்னே எடுத்தியா?" தூரேயின் குரல் கிழிந்தது.

"வேணும்னேதான். ரெண்டு பேருக்கும் ஒரே கையேடு. கேட்டிருந்தா உனக்கும் சொல்லியிருப்பேன்."

"இது பரீட்சையா? பழிவாங்கல்!"

"ஏன், நான் கேட்டப்ப நீ சொன்னியா?" என்றாள் குன்னெல். "பன்னெண்டு வருஷம் முன்னாடி உங்க கம்பெனி செயலியை ஓடவிடத் தெரியாம நெட்டுல எல்லாரும் பார்க்கிற இடத்துல எழுதிக் கேட்டேன். என்ன பதில் போட்டே? மறந்திருப்பே. 'படிக்கத் தெரியாதவங்களுக்குத் தையல் வேலை இருக்கு.' எங்க அம்மா தையல்காரி, தூரே."

தூரேக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. அப்படி எத்தனை பேருக்கு எழுதினானோ. ஞாபகமில்லை என்று அவன் சொன்னதும் மூலையிலிருந்து ஒருவன், "எனக்கு எழுதினது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான். இன்னொருத்தி, "எனக்கும்" என்றாள். அப்புறம் சிரிப்பு. பசித்த சிரிப்பு. பரீட்சைக்கு நடுவராக உட்கார்ந்திருந்த மூவரும் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நடந்ததில் குறை காணவில்லை; வேலை அஹ்திக்குப் போனது. மறுநாள் குன்னெல் அந்த வரியைக் கையேட்டில் திரும்பச் சேர்த்துவிட்டாள்.

வீட்டில் ஹில்லெவி விஷயத்தை முழுசாகக் கேட்டாள். அப்புறம் வீட்டில் நடந்த பேச்சு ஊர்க்காரர்களான எங்களுக்குத் தெரியவந்தது அவள் வாயால்தான்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கையேடு தப்பு, ஹில்லெவி."

"சரி. அங்க கேக்கல. என்கிட்டயாவது கேளேன். போகாதேன்னு ஒரு தடவை கேளு. இருந்துடறேன்."

தூரே காப்பிக் கோப்பையை எடுத்தான். கேட்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்ததாம். குளிர்சாதனப் பெட்டியில் பால் இருக்கிறதா என்றுதான் கேட்டான்.

பனி உடைந்து கடல் திறந்ததும் ஹில்லெவி கப்பலேறினாள். இரண்டாம் வருஷம், விவாகரத்து ஆனதும், உமேயோவில் ஒரு பல் வைத்தியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனுஷராம், வாய் ஓயாமல் பேசுவாராம். அஹ்தியும் குன்னெலும் சேர்ந்துவிடுவார்கள் என்று ஊர் அடித்துச் சொன்னது. ஊர் சொல்லி எது நடந்தது? அஹ்தி கட்டியது நகரசபைக் கணக்குப்பிள்ளையின் தங்கையை. குன்னெல் தனியாகத்தான் இருக்கிறாள், குண்டாகிவிட்டாள், குறை ஒன்றும் தெரியவில்லை. தூரே வீட்டை விற்றுவிட்டு செய்னயோகி என்ற ஊரில் தம்பியின் டயர் கடை மாடிக்குக் குடிபோனான். கூடப் போக யாரையும் கூப்பிடவில்லை.