லிஸ்பன் படியில் உட்கார்ந்தவள்

வெளியே ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மான்மவுத் ஜங்ஷனில் அந்த ஒரு அபார்ட்மென்ட்டை மட்டும் திரைச்சீலைகளை இழுத்து மூடி இருட்டாக்கி வைத்திருந்தான் வெங்கடகிருஷ்ணன். சுவரில் வெள்ளை பெட்ஷீட். எதிரே, ஆபீஸ் நண்பனிடம் இரவல் வாங்கிய ஸ்லைடு ப்ரொஜெக்டர். எங்கேயாவது ஊர் சுற்றிவிட்டு வந்தவன் ஸ்லைடு போட்டுக் காட்டாமல் தப்ப முடியாது. எண்பத்தாறாம் வருஷத்து நியூ ஜெர்ஸியில் நம்மவர்களுக்கு அதுதான் சினிமா. பஜ்ஜி, காப்பியோடு.

பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள் அவன் மனைவி ஸ்வர்ணா. காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"அந்த மூணாம் நாள் படத்தையெல்லாம் எடுத்துடுங்கோ."

"சரி, சரி."

அவனுடைய 'சரி, சரி'க்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் நம்பினாள்.

மே மாதம் போய்விட்டு வந்த ஊர் லிஸ்பன். ஊரா அது! மலை மலையாக நிறுத்தி, மேலேயிருந்து வீடுகளைக் கொட்டிவிட்டாற்போல் இருந்தது. ஏறினால் ஒரு கோட்டை, இறங்கினால் ஒரு சர்ச், மறுபடி ஏறினால் ஒரு மொட்டை மேடு. ஜனங்கள் நடந்து நடந்தே வழுவழுவென்று தேய்ந்த கல்பாதை. கால் வைத்தால் வழுக்கும். வெங்கட் கையில் வரைபடத்தோடு முன்னால் போய்க்கொண்டே இருந்தான். அவள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் வயிற்றில் அப்போது ஒரு உயிர் இருந்தது. இரண்டு பேருக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் முடிகிறவரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று வழக்கம் இருக்கிறதே! பெற்றவளுக்குக்கூட அவள் எழுதவில்லை. நான்காம் நாள் காலையில், பாஷை தெரியாத ஓர் ஆஸ்பத்திரியில் அது போய்விட்டது. "நடந்ததால் இல்லையம்மா. இது எங்கே இருந்திருந்தாலும் தங்கியிருக்காது" என்று தடுமாறும் இங்கிலீஷில் டாக்டர் சொன்னார். வெங்கட் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

வந்ததே யாருக்கும் தெரியாது. போனதை யாரிடம் சொல்லி அழுவது? ஊர் திரும்பியதும், "விடு, யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"பஜ்ஜி போதும், வந்து உக்காருடி" என்று கூப்பிட்டாள் விசாலாக்ஷி ஆன்ட்டி. ஆன்ட்டியும் அவள் கணவர் ராமசுப்ரமணியன் அங்கிளும்தான் அன்றைய சபை. நாற்பது மைல் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"அந்த மஞ்சளா ஓடறது என்னடா, ட்ராமா?" என்றார் அங்கிள், சுவரில் விழுந்த படத்தைக் காட்டி. "சின்ன வயசுல நான் மெட்ராஸ்ல ஏறியிருக்கேன். நீங்க ஏறினேளோ?"

"நடந்தாதான் அங்கிள் ஊர் தெரியும். ட்ராமெல்லாம் கிழவாளுக்கு."

"என்னைச் சொல்றான் பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். ப்ரொஜெக்டர் 'கிளிக்' என்றது. சுவரில் ஸ்வர்ணா வந்தாள். எடுத்துவிடச் சொன்ன அதே மூணாம் நாள் படம்.

ஏதோ ஒரு வீட்டுப் படியில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை ஸ்வெட்டருக்குள் வயிற்றைப் பிடித்திருந்தது. கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"மகாராணி முக்கால்வாசி ஊரை உக்காந்தே பாத்தா" என்றான் வெங்கட்.

"என்னடி இது, இந்த வயசுல இப்படி மூச்சு வாங்கறது!" என்றாள் ஆன்ட்டி. "நாளைக்கு ஒண்ணு பொறந்து ஓட ஆரம்பிச்சா எப்படித் துரத்துவே? அதுசரி, எப்பத்தான் நல்ல சேதி சொல்லப்போறேள்?"

ஸ்வர்ணா எழுந்து நின்றாள். ப்ரொஜெக்டர் வெளிச்சம் அவள் மேல் விழுந்து, லிஸ்பன் படிகள் அவள் புடவையில் வளைந்தன.

"அப்போ நான் பிள்ளையாண்டிருந்தேன் ஆன்ட்டி. மறுநாள் கலைஞ்சு போயிடுத்து."

ஆன்ட்டி கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள்.

"அடிப்பாவி!" என்றாள் ஆன்ட்டி மெதுவாக. "மசக்கைக்காரி மலையேறுவாளோடி?"

ஸ்வர்ணா கணவனைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம். 'நடந்ததால இல்லைன்னு டாக்டர் சொன்னார் ஆன்ட்டி.' அவள் சொன்னால் சமாளிப்பு என்பார்கள். அவன் சொன்னால் எடுபடும். சொல்லுங்கோ, சொல்லித் தொலையுங்கோ என்று அவள் முகமெல்லாம் கெஞ்சியது.

வெங்கட் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நான் ட்ராம்ல போலாம்னுதான் ஆன்ட்டி சொன்னேன். இவதான் கேக்கல."

"இப்பத்தானேடா கிழவாளுக்குன்னே?" என்றார் அங்கிள்.

"நீங்க சும்மா இருங்கோ" என்று அதட்டிவிட்டு ஆன்ட்டி எழுந்து, ஸ்வர்ணாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. ஆன்ட்டி அடுப்பை அணைத்தாள்.

"பத்தியமா யாராவது ஏதாவது பண்ணிப் போட்டாளா?"

"யார் இருக்கா ஆன்ட்டி? திங்கக்கிழமையே வேலைக்குப் போயிட்டேன்."

"அம்மாகிட்ட சொன்னியோ?"

இல்லை என்று தலையாட்டினாள். எதற்கெடுத்தாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள் என்று பெயரெடுத்தவள். அன்றைக்கு வாய் திறந்தால் அலறிவிடுவோமோ என்று பயந்து நின்றாள். ஆன்ட்டி புடவைத் தலைப்பால் அவள் முகத்து வியர்வையைத் துடைத்தாள். வியர்வைதான். அழுகை வரவில்லை.

காப்பியைக்கூடக் குடிக்காமல் அவர்கள் கிளம்பிப் போனார்கள். வெங்கட் திரைச்சீலையைத் திறக்கவில்லை.

"ட்ராம்ல போலாம்னு எப்போ சொன்னேள்?" என்று கேட்டாள்.

"ஏதோ வாய்ல வந்துடுத்து."

"டாக்டர் சொன்னது மட்டும் ஏன் வாய்ல வரல?"

அவன் ப்ரொஜெக்டர் ஒயரை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். பிறகு, அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"அந்த ஆள் சொன்னதை நான் நம்பல ஸ்வர்ணா. நான்தான் உன்னை நடக்க வெச்சேன். நான்தான் கொன்னேன். தினம் அதே நெனப்புதான்."

லிஸ்பனிலிருந்து வந்த பிறகு அவன் சொன்ன முதல் உண்மை அது. ஒரு மணி நேரம் முன்னால் சொல்லியிருந்தால், அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, பைத்தியமே, நீங்க இல்லை, யாரும் இல்லை என்று அவனோடு சேர்ந்து அழுதிருப்பாள். இத்தனை நாளும் அதற்குத்தானே காத்திருந்தாள்? ஆனால், தன்னால் தாங்க முடியாததை நாலு பேர் எதிரில் அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டு வந்தல்லவா இதைச் சொல்கிறான்.

"நம்பாதீங்கோ" என்றாள். "என் தலைல போட்டப்புறமும் பாரம் குறையலையா?"

அவள் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டிலில் சாய்ந்ததும் இரண்டு காலும் கடுத்தன, அந்த மேடுகளையெல்லாம் இப்போதுதான் ஏறி இறங்கியதுபோல.

கூடத்தில் ப்ரொஜெக்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது. கிளிக். கிளிக். தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தான். பிறகு சத்தம் நின்றது. ஏதோ ஒரு படத்தில் நிறுத்திவிட்டான்.

எது என்று எழுந்து போய்ப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.