வேனில் வந்தவர்கள்

மடியில் உட்கார்ந்து வரும் குழந்தையை அரை ஆளாகப் போடுவதா, முழு ஆளாகவா என்று என் கணவர் கேட்டபோது நான் தலை வாரிக்கொண்டிருந்தேன், வாயில் கொண்டை ஊசி, அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன்... அன்று சாயங்காலம் மலைப்பாதை அடிவாரத்தில் நடக்கப் போனவருக்கு நெஞ்சு வலித்து அங்கேயே முடிந்துவிட்டது, பதில் என்னிடமே தங்கிவிட்டது. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மருத்துவமனைக்குக் கார் ஓட்டிப் போகும் இப்போதும் அதைத்தான் யோசிக்கிறேன். அவர் எண்டோஸ்கோபி மருத்துவர், நான் அங்கேயே மயக்க மருந்து கொடுப்பவள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மண்ணுக்கும் காற்றுக்கும் எவ்வளவு கெடுதல் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார், தூக்கி எறியும் கையுறை, குழாய் கழுவும் தண்ணீர், ஏசி, கடைசியில் நோயாளி வந்துபோகும் வண்டியின் புகை... அங்கேதான் மோகனூர் கண்ணாத்தாள் வந்து சேர்ந்தார். சோதனை ஒருவருக்கு, வேன் நிறைய ஆட்கள், ஒரு மடியில் குழந்தை. எதுக்குங்க இத்தனை பேரு என்று இவர் கேட்டதற்கு, "கொழாய உள்ள உடறீங்க, தனியா வாரதுக்கு நான் என்ன சந்தைக்கா வாரேன் சாமி?" என்றார் அந்தம்மா. பின்னாலிருந்து மருமகள், "நாங்க வரலீன்னா பாதி வழியிலயே எறங்கி ஓடிருமுங்க." அன்று முழுவதும் இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், சாப்பிடும்போதுகூட.

அவர் கட்டுரையில் வேன் ஆட்களைக் கணக்கில் சேர்த்த பகுதியை ஆய்விதழ்க்காரர்கள் எடுக்கச் சொல்லிவிட்டார்கள், உடன் வருபவர்களின் பயணம் சிகிச்சையில் சேராதாம், இன்றைக்குள் பதில் அனுப்ப வேண்டும். "எடுத்துட்டா உடனே போட்டுருவாங்க மேடம், சார் பேரு அச்சுல வந்துருமுங்க" என்று நர்ஸ் சரிதா நேற்றும் சொன்னாள். பெயர் வரும், சரிதான்... ஆனால் அந்தப் பகுதிக்காகத்தானே மனிதர் வேன் வேனாக எட்டிப் பார்த்தார், இங்கே கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதானே பெரிதாக வந்தது. வந்தவர்களை வரவில்லை என்று எப்படி எழுதுவது? அவரை எடுத்த அன்று எங்கள் வாசலில் நின்ற வண்டிகளில் கண்ணாத்தாளின் வேனும் இருந்ததே, அதே ஆட்கள், அதே குழந்தை, வேறொரு மடியில்... இருக்கட்டும், எடுக்கப்போவதில்லை, திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். இப்படி நினைத்ததும் பசித்தது, நல்ல பசி.

அஸ்தம்பட்டி பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். "எப்பவும் போலங்களா மேடம்?" என்றார் பெட்ரோல் போடும் செங்கோடன். ஆமாங்க என்றேன், அப்போதுதான் கணவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் வந்தது, அரையும் இல்லை, முழுசும் இல்லை, குழந்தை ஏறினாலும் ஏறாவிட்டாலும் வேன் குடிக்கும் டீசல் ஒன்றுதானே, தலைக்கு எவ்வளவு என்று வகுக்கும்போதுதானே மாறுகிறது... அப்படியானால் இந்தக் கார்? பக்கத்து இருக்கையில் என் கைப்பை. இரண்டு பேராகப் போனபோதும் வாரத்துக்கு ஒருமுறைதான் இங்கே நின்றோம். இப்போதும் வாரத்துக்கு ஒருமுறைதான்.