நாளைக்குன்னாரு ராசா

தண்ணீர் வாரியத்தில் எனக்குக் கொடுத்த வேலை தண்ணீரைப் பரிசோதிப்பது. வேதியியல் படித்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு முக்காலி, ஒரு வெள்ளை அங்கி, கழுவிக் கவிழ்த்த குடுவைகள் எல்லாம் இருந்தன. பரிசோதிக்கத் தண்ணீர்தான் வரவில்லை. கோடை வெயில் ஏறியதும் என்னைப் புகார்த் தொலைபேசிப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"சும்மா உக்காந்திருக்கறதுக்கு நாலு பேருக்குப் பதில் சொல்லலாம்ல?" என்றார் கண்காணிப்பாளர்.

நாலு பேர் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. போனில் முகம் தெரியாது என்பதால் தலையாட்டினேன். தலையாட்டாமல் இருக்கவும் வழியில்லை. நான் தற்காலிகம். அந்த மாதக் கடைசியோடு என் காலம் முடிகிறது. நிரந்தர உத்தரவு தட்டச்சாகிக் கண்காணிப்பாளர் மேசையில் கிடந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் வேலை. போடாவிட்டால் வீடு. எப்போது போய் நின்றாலும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நாளைக்கு வாம்மா" என்பார்.

தொலைபேசிப் பிரிவில் இரண்டு பேர். இன்னொருவர் கணீர் அக்கா. அவள் ரகசியம் பேசினாலும் மாடிப்படி வரைக்கும் கேட்கும். அதனால் அந்தப் பெயர். எங்கள் முன்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு நாங்கள் படித்துச் சொல்ல வேண்டிய பதில்கள் அதில் இருந்தன. கடலுக்கு அப்பால் நடக்கும் போரால் மோட்டார் பாகங்கள் ஏற்றிய கப்பல் தாமதம். தொற்றுநோய்க் காலத்தில் நின்ற குழாய்ப் பணி இன்னும் முடியவில்லை. உலகச் சந்தையில் இரும்பு விலை உயர்வு. உலகெங்கும் மழை குறைவு.

"உலகத்துல எவன் தும்முனாலும் நம்ம குழாய்தான் அடைச்சுக்குது" என்பாள் அக்கா.

லைன் கிடைக்கக் காத்திருப்பவர்களுக்கு அதுவரை ஒரு 'பீப்' சத்தம்தான். அதைக் கேட்டுக் கேட்டு, எங்களிடம் வரும்போது கொதித்துப்போய் வருவார்கள். இதை ஒரு கூட்டத்தில் வாரியத் தலைவர் எடுத்தார்.

"காத்திருக்கறவங்களுக்கு இதமா ஒரு இசை போடுங்க. பாதிக் கோபம் தானா இறங்கிடும்."

"தண்ணி விட்டா மீதியும் இறங்கிடும்" என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்டது.

சினிமாப் பாட்டு என்றால் உரிமைப் பிரச்சினை என்றார் சட்ட அலுவலர். யாருக்கும் உரிமையில்லாத பழைய நாட்டுப்புற மெட்டு ஏதாவது உண்டா என்று தலைவர் சுற்றிப் பார்த்தார். எந்தத் தைரியத்தில் என்று தெரியவில்லை, நான் கையைத் தூக்கினேன். உத்தரவை நினைத்துத்தான் தூக்கியிருப்பேன்.

எங்கள் தெருக்குழாயடியில் அம்மாவும் மற்ற பெண்களும் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு உதட்டை மூடியபடி ஒரு மெட்டை முனகுவார்கள். ஒருத்தி தொடங்கினால் வரிசை முழுக்கப் பரவும். அந்த முனகலுக்குள்தான் நான் வளர்ந்தேன். அதற்கு வார்த்தை கிடையாது என்றே நினைத்திருந்தேன்.

மாமா பஸ் ஓட்டுநர். புல்லாங்குழல் வாசிப்பார். காலையில் அவர் பல் துலக்கும்போது போய்க் கேட்டேன். அம்மா குழாயடியில் இருந்தாள்.

"எந்த மெட்டு? அந்தக் குழாயடி மெட்டா? யாருக்கு?"

"எங்க ஆபீசுக்கு மாமா. போன்ல காத்திருக்கறவங்களுக்கு."

மாமாவுக்கு நுரையோடு புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"உங்க ஆபீசுக்கா? குடுடி போனை, இப்பவே பதிவு பண்ணு. இதுக்கு நான் லீவு போட்டுக்கூட ஊதுவேன்."

"எதுக்குச் சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும். அதான்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஆகா, மனசுக்கு எவ்வளவு இதமா இருக்கு!" என்றார். அக்கா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போனாள். இருமல் என்று நினைத்தேன்.

முதல் நாள் முதல் அழைப்பு ஒரு சலூன்காரரிடமிருந்து. தினமும் அழைப்பவர். தாடியில் சோப்பு நுரையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கழுவத் தண்ணீர் இல்லை என்று கத்துவார். அன்று நான் எடுத்தபோது கத்தல் இல்லை. சலூனே பாடிக்கொண்டிருந்தது.

*நாளைக்குன்னாரு ராசா நாளைக்குன்னாரு*
*நாளைக்கு வந்து நின்னா நாளைக்குன்னாரு*
*கடலுக்கு அப்பால சண்டையாம் – அதனால*
*கிணத்துல தண்ணி இல்லையாம்*

"தண்ணீர் வாரியம், சொல்லுங்க" என்றேன்.

"அட, அதுக்குள்ள ஏன்மா எடுத்தீங்க? இன்னும் ஆறு அடி பாக்கி. என்னைத் திரும்பக் காத்திருக்க வைங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சிரிப்பை விழுங்கிக்கொண்டு விளக்கினாள். குழாயடியில் வால்வு திறக்கும் ஆள் அங்கேயே நிற்பான். வார்த்தையோடு பாடினால் வால்வை மூடிவிட்டுப் போய்விடுவான். அதனால் அவன் காதுபடப் பெண்கள் முனகுவதோடு சரி; அவன் தலை மறைந்ததும் வார்த்தை வரும். நானோ எப்போதும் அவன் போகுமுன் குடம் நிறைந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். நான் கேட்டதெல்லாம் முனகல்தான்.

"முதல்லயே ஏன்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ போட்டிருக்க மாட்டியே."

மற்ற அடிகளை அந்த வாரத்தில் ஊரே எனக்குக் கற்றுக்கொடுத்தது.

*சண்டையை நிறுத்தச் சபை கூடிச்சாம் – அங்க*
*நாற்காலிக்குச் சண்டையாம்*
*ஊருக்கு நோய் வந்து சேந்துச்சாம் – ராசா*
*கதவுக்கு மருந்து போட்டாராம்*
*மழை வேணும்னு மனுக் குடுத்தோம் – வந்த*
*மழைக்கு வரியும் கேட்டாராம்*

நான் சுவர்த் தாளைப் பார்த்தேன். போர், நோய், மழை. பாட்டைப் பார்த்து யாரோ எழுதியது போலிருந்தது.

காத்திருப்பதற்காகவே ஆட்கள் அழைக்கத் தொடங்கினார்கள். பாட்டு முடிந்ததும் புகார் சொல்லாமல் வைத்துவிடுவார்கள். எங்கள் கணினிக்கு அது புரியவில்லை. புகார் இல்லாமல் வைத்த அழைப்பையெல்லாம் 'திருப்தி' என்று கணக்கில் சேர்த்தது. தண்ணீர் ஒரு சொட்டுக் கூடவில்லை. திருப்தி ஏறிக்கொண்டே போனது. மேலிடத்திலிருந்து தலைவருக்குப் பாராட்டு வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

பாராட்டை நேரிலும் சொல்லலாம் என்று மேலிடத்துச் செயலாளர் ஒரு நாள் தாமே அழைத்தார். தெரியாமல் புகார் எண்ணுக்கு அழைத்துவிட்டார். காத்திருந்தார். சின்ன வயதில் அவரும் குடம் தூக்கியவராம். தலைவருக்கு இணைப்புக் கொடுத்தபோது சிரித்துக்கொண்டே கேட்டாராம்: "அந்த ராசா நீர்தானா, இல்ல நானும் உண்டா?"

மறுநாள் காலை என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

தலைவரின் அறை. குளிர்சாதனம் ஓடியது. மேசையில் தலைவருக்கு மட்டும் தண்ணீர்ப் புட்டி. ஒரு பக்கம் கண்காணிப்பாளர், மறுபக்கம் சட்ட அலுவலர், ஓரத்தில் தட்டச்சர். எனக்கு நாற்காலி போடவில்லை. 

"குற்றச்சாட்டு என்ன சார்?" என்று சட்ட அலுவலர் பேனாவைத் திறந்தார்.

"வாரியத்தைக் கேலி பண்ற பாட்டை வாரியத்து போன்லயே போட்டது."

"பாட்டு எங்க சார் இருக்கு? பதிவுல குழல்தானே இருக்கு?"

"வார்த்தை ஊருக்கே தெரியும்யா!"

"ஊருக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதே. எந்த வார்த்தை கேலின்னு எழுதினாத்தான் குற்றச்சாட்டு நிக்கும். யாராவது சொல்லுங்க, இவர் அடிச்சுக்கட்டும்."

 தட்டச்சர் விரல்களைத் தூக்கியபடி காத்திருந்தார். தலைவர் கண்காணிப்பாளரைப் பார்த்தார்.

"எனக்கு அரைகுறையாத்தான் சார் தெரியும்."

"அந்த அரையைச் சொல்லும்."

கண்காணிப்பாளர் எழுந்து நின்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னார். "கடலுக்கு அப்பால சண்டையாம். அதனால கிணத்துல தண்ணி இல்லையாம்." உட்கார்ந்தார். மீதி அரையும் அவருக்குத் தெரியும் என்று அவர் கால் தாளம் போட்டதில் தெரிந்தது.

"இதுல கேலி எங்க சார்?" என்றார் சட்ட அலுவலர். "நம்ம பதில் தாள்ல முதல் வரியே இதானே? இதைக் கேலின்னு எழுதினா, நாமளும் இத்தனை நாளா கேலிதான் பண்ணிட்டிருந்தோம்னு ஆயிடும்."

"அப்ப அடுத்த வரியை எழுதுங்க!"

"எழுதறேன். ஆனா இந்த வரி தலைவரைத்தான் குறிக்குதுன்னு நீங்க ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். எந்த வரி சார் உங்களைக் குறிக்குது?"

"எல்லா வரியும்தான்!" என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

தட்டச்சு இயந்திரம் கடகடத்து நின்றது. தலைவர் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பினார்.

"யோவ், அதை எதுக்குய்யா அடிச்சே?"

"நீங்க சொன்னீங்களே சார்."

அந்தத் தாளை உருவிக் கிழித்துப் போட்டபிறகு தலைவர் என்னிடம் வந்தார்.

"நீ சொல்லும்மா. வேணும்னுதானே போட்டே?"

"எனக்கு வார்த்தை தெரியாது சார்."

"இப்போ?"

"இப்போ தெரியும். தினமும் பாடறாங்க."

"யார் எழுதினது? எந்தக் கட்சி?"

"யார்னு தெரியாது சார். ரொம்பப் பழசு. நம்ம வாரியமே அப்போ இல்ல. உங்களைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல."

நான் அவரைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். அவர் முகம் இன்னும் கறுத்தது. கண்காணிப்பாளர் தாடையைத் தடவினார்.

"வாரியம் வர்றதுக்கு முன்னாடியே நம்மளைப் பத்தி இவ்வளவு சரியா சொல்லியிருக்கான் பாருங்க சார்" என்றார்.

குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. மெட்டும் எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாகத் தலைவர் தம் குரலிலேயே பேசிக் கொடுத்தார். மின்விசிறிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, தொண்டையைச் செருமிப் பதிவு செய்தார்: "வணக்கம். உலக நிலவரம் காரணமாக ஏற்பட்ட தடைகள் அனைத்தும் நாளைக்குள் நீக்கப்படும். உங்கள் பொறுமைக்கு நன்றி."

சலூன்காரர் அழைத்தார். பின்னால் கைதட்டல் கேட்டது.

"முன்னாடி குழல் மட்டும்தான் இருந்துச்சும்மா. இப்போ ராசாவே வந்து முதல் அடியை எடுத்துக் குடுக்கறாரு. நாங்க பின்பாட்டு. பிரமாதம்!"

அதற்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு வார்த்தைக்கு ஆள் இல்லாமல் போனது. "நாளைக்கு" என்று யாராவது தொடங்கினால் எதிர் மேசையில் ஒருவர் முனகுவார். சாப்பாட்டு நேரத்தில்கூட, "நாளைக்கு என்ன குழம்பு" என்று கேட்கப் பயந்தார்கள்.

மாதக் கடைசி நாள் வந்தது. மாலைக்குள் கையெழுத்தாகாவிட்டால் மறுநாள் நான் வர வேண்டியதில்லை. அறையில் எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் இருக்கும்போது பேசுவது எனக்குச் சாவு மாதிரி. ஆனாலும் எழுந்து கண்காணிப்பாளர் மேசைக்குப் போனேன்.

"சார், என்னோட உத்தரவு."

மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கை பழக்கத்தில் ஃபைலை ஒதுக்கியது.

"நாளை—"

நின்றார். தட்டச்சு நின்றது. அக்கா போனைக் கையால் பொத்தினாள். பியூன் படியில் ஒரு காலும் அறையில் ஒரு காலுமாக நின்றான். மூடிய உதடுகளுக்குள்ளிருந்து எங்கோ ஒரு முனகல் கிளம்பியது. எந்த மேசையிலிருந்து என்று சொல்ல முடியவில்லை. பிறகு எல்லா மேசையிலிருந்தும் வந்தது.

"சொல்லுங்க சார், காது குடுத்துட்டுத்தான் இருக்கோம்" என்றாள் அக்கா.

கண்காணிப்பாளர் கழுத்துப் பட்டனைத் தளர்த்தினார். ஃபைலை இழுத்தார். பேனா எழுதவில்லை; உதறினார்; என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"போம்மா, போ. முதல்ல இங்கிருந்து போ."

அடுத்த வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வாரியத்தில் எவரும் எக்காரணம் கொண்டும் 'நாளை' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அதற்குப் பதில் 'விரைவில்' என்று சொல்ல வேண்டும். தலைவர் மறுபடி மின்விசிறிகளை நிறுத்திவிட்டுப் பேசிக் கொடுத்தார். சுவரில் புதுத் தாள் ஒட்டினார்கள். போர் மட்டும் வேறு கடலுக்கு மாறியிருந்தது.

அன்று காலை சலூன்காரர் அழைத்தார். அதிசயமாகக் கேள்வி கேட்டார்.

"பாட்டெல்லாம் இருக்கட்டும்மா. நிஜமா கேக்கறேன். ஒருத்தரு நுரையோட உக்காந்திருக்காரு. தண்ணி எப்போ வரும்?"

எனக்கு நிஜம் தெரியும். ஆய்வுக்கூடத்தில் குடுவைகள் இன்னும் கவிழ்ந்தே கிடந்தன. கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உத்தரவு என் கைப்பையில் இருந்தது. தாளைப் பார்த்தேன்.

"விரைவில்" என்றேன்.

 மறுமுனையில் அவர் தன் ஆட்களிடம் ஏதோ சொல்வது கேட்டது. யாரோ கத்தரிக்கோலால் மேசையில் தாளம் தட்டினார்.

*சீக்கிரம்னாளே ராணி சீக்கிரம்னாளே*
*சீக்கிரம் எப்போன்னு கேட்டா சீக்கிரம்னாளே*

மெட்டு எங்கும் இடறவில்லை.